இருபத்தோரு நாள்

எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது.
இட்லிப் பானையின் அடியில்
மாதம் ஒருமுறை சுண்ணாம்பைச் சுரண்டுகிறேன்.
பள்ளிப்பட்டில் எந்த வீட்டிலும் இதே புலம்பல்தான்.
இந்தத் தண்ணீருக்கு எங்கே போவேன் என்றானாம்
கொளத்தூர் மீன்கடைக்காரன்.
ஆப்பிரிக்க ஏரியே
எங்கள் குழாயில் வருகிறதாம்.

திருத்தணியில் ரயிலிறங்கி
பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல்
பூஷணம் கொண்டுவந்தார்,
காற்றடைத்த ஐந்து பைகள்.
அறுநூறு என்றார்.
துவைக்கப் போட்ட சட்டைப் பையில்
ரசீது ஆறாயிரம் என்றது.

வெள்ளை உடம்பில் பேனாவை உதறினாற்போல் புள்ளிகள்,
மீசை,
பகலெல்லாம் கல்லுக்கடியில் ஒண்டிக் கிடக்கும்
குயில் கெளுத்தி.
தறி ஓடினால் தொட்டித் தண்ணீர் நடுங்கும்,
அதற்குப் பழகிவிட்டன.
அமாவாசைக்குத் தறி நின்றால்தான்
மிரண்டு கண்ணாடியில் மோதும்.

மாசியில் ஒரு சாயங்காலம்
நீலச் சிக்லிட் ஆண் தட்டைக்கல்லைத் துடைத்து வைத்திருந்தான்.
பெண் அவனைச் சுற்றினாள்.
முட்டையிட்டாள், திரும்பினாள், வாயில் அள்ளினாள்.
மறுபடி இட்டாள், திரும்பினாள்,
திரும்புகிற அந்த அரை நொடியில்
கெளுத்திகள் புகுந்தன.
எதைத் தின்றன, எதை இட்டன
கலங்கலில் எனக்குத் தெரியவில்லை.
அவளுக்கும்.
இருந்ததை அள்ளினாள்.

காக்கா குயில் கதைதான் இது என்றார் பூஷணம்.
காக்காய்க்குக் கூடு மரத்தில் இருக்கிறது,
வெறுத்துப்போனால் பறந்துவிடலாம்.
இவள் எங்கே போனாலும்
கூடு கூடவே வரும்.

மூன்றாம் நாளே கெளுத்தி பொரியும்.
பொரிந்ததும் பசிக்கும்.
அந்த இருட்டில்
பக்கத்தில் இருப்பதைத்தானே தின்ன முடியும்.
அவளோ தாடையை அசைத்து அசைத்து
தின்கிறதற்கும் தின்னப்படுகிறதற்கும்
ஒரே மாதிரி காற்று விடுகிறாள்.
தீனி தூவினால் பார்க்கிறாள்.
வயிறு ஒட்டி
தலை மட்டும் பெரிதாகிவிட்டது.

வாயைத் திறக்க பூஷணத்தின் விரல் தடிமன்.
அறுந்த இழையை முடிகிற கை என்னுடையது,
என்னைக் கூப்பிட்டார்.
ஈரக்கையில் அவளை ஏந்தி
கீழ்த்தாடையை நகத்தால் மெல்ல இறக்கினேன்.
ஒன்று, மூன்று, ஏழு, பதினொன்று.
எல்லாம் புள்ளி. எல்லாம் மீசை.
தலைக்கு நானூறு என்று தெலுங்கில் கத்தினார்.
சந்தோஷம் அவருக்குத் தெலுங்கில்தான் வரும்,
தவணை கட்டுவது தமிழில்.
தண்ணீரில் விட்ட பிறகும் அவள்
காலி வாயை மென்றுகொண்டே இருந்தாள்.

நான் செய்யாற்றுக்காரி.
லிகிதா மடியில் கிடந்த நாளெல்லாம்
தண்ணி, தண்ணி என்று ஊட்டினேன்.
வாய் திறந்து அவள் முதலில் சொன்னது நீள்ளு.
வீடே சிரித்தது, நானும்தான்.
டம்ளரை நீட்டினேன், குடித்தாள்.
இதை இப்போது எதற்குச் சொல்கிறேன்?
மீன் வேறு, பிள்ளை வேறு.

வைகாசியில் மறுபடி வாய் திறந்தேன்.
ஒன்பது புள்ளிக்கு அடியில்
மீசையில்லாமல் ஒன்று,
வால் பாதி கிழிந்து
கண் மட்டும் பெரிதாக.
அவர் எண்ணுவதற்குள் உள்ளங்கையை மூடினேன்.

நூல் அலமாரிக்குப் பின்னால்
ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது.
லிகிதாவுக்கு மட்டும் காட்டினேன்.
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
இதி எவரிதி என்றாள்.
யாருடையது என்று
எனக்குள் ஒருமுறை தமிழில் கேட்டுப் பார்த்தேன்.
அதற்குள் கரண்ட் போய்
தெருவில் அத்தனை தறியும் நின்றன.
தொட்டியில் மோதுகிற சத்தம்.
பேட்டரி பம்பைப் போட ஓடினேன்.